முதுகில் காது வைத்துக் கேட்டவள்

என் அண்ணன் பெயரில் வந்த மோட்டார் சைக்கிள் புத்தகங்களை நீங்கள் படித்திருக்கலாம். படித்துவிட்டு வண்டி வாங்கினவர்களே இருக்கிறார்கள். அப்படி வாங்கின ஒருவர், நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தார். நான் யாருடைய தங்கை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை. கண் பரிசோதனைக்கு வந்ததை மறந்து, அண்ணன் எழுதியதிலிருந்து வரிவரியாக ஒப்பித்தார். நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அந்தப் புத்தகங்களில் ஒரு வரியைக்கூட என் அண்ணன் பேனா பிடித்து எழுதியதில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுதியவள் என் அண்ணி. உடனே அண்ணனைத் திருடன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பேசியது அவன், எழுதியது அவள். எங்கே அவன் பேச்சு முடிந்து அவள் எழுத்து தொடங்கியது என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அதுதான் பின்னால் பெரிய வினையாகப் போனது.

அண்ணன் பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் விற்பவன். சோதனைக் குழாய், குடுவை, சின்னத் தராசு, இதையெல்லாம் மரத்தூள் நிரப்பிய பெட்டியில் அடுக்கி, வண்டியின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். வண்டி கம்பெனி கொடுத்தது. அவன் ஓட்டும் அழகைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சைக்கிளில் போகிறவர் அவனை முந்திக்கொண்டு போய், ஏதாவது ரிப்பேரா என்று திரும்பிப் பார்ப்பார். கண்ணாடிச் சாமான் இருக்கிறதே, வேறு எப்படிப் போவது என்பான். பெட்டிகள் காலியாகத் திரும்பும்போதும் அதே வேகம்தான். வீட்டில் வாயைத் திறக்கமாட்டான். எது கேட்டாலும் ஒரு 'ம்'. இரண்டு 'ம்' வந்தால் ஐயா அன்றைக்கு உற்சாகமாக இருக்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட ஊமைச்சாமிக்கு வாய்த்தவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். நாள் முழுக்க வக்கீல்களும் சாட்சிகளும் பேசுவதை ஒரு சொல் தவறாமல் பிடித்து எழுதுவது அண்ணியின் வேலை. காதுக்குள் போனது விரல் வழியாக வந்துவிடும், நடுவில் தலை என்று ஒன்று தேவையே இல்லை என்று அவளே கேலியாகச் சொல்வாள். கல்யாணமான புதிதில், விடுமுறை நாளில் அண்ணனோடு பின் சீட்டில் உட்கார்ந்து தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனாள். போகும் வழியில்தான் அவளுக்கு அந்த அதிசயம் தெரிந்தது. என் அண்ணன் வண்டியில் பேசுகிறான். அதுவும் நிறுத்தாமல் பேசுகிறான்.

ஆனால் காற்று அவன் சொன்னதை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. என்னங்க, என்னங்க என்று கத்திக் கத்திக் களைத்துப்போய் அவள் அவன் முதுகில் சாய்ந்திருக்கிறாள். காது முதுகில் பட்டதும் குரல் முழுசாகக் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ பேசுவதைப் போல ஆழமாக, அதே சமயம் ஒவ்வொரு சொல்லும் பிசிறில்லாமல் கேட்டது என்றாள். அன்றிலிருந்து ஊர் எல்லை தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, முதுகில் காதை ஒட்டிவிடுவாள். அண்ணன் திட்டுவான். திட்டுவதும் முதுகு வழியாகத்தான் கேட்கும், ஆகவே அதற்கும் பலன் இல்லை.

அவன் பேசப் பேச அவளுடைய ஆள்காட்டி விரல் அவன் விலாவில் சுருக்கெழுத்தைக் கிறுக்கிக்கொண்டே வரும். அப்படிக் கிறுக்கியது எதுவும் அவளுக்கு மறக்காது. டீக்கடையில் நிறுத்தும்போது கிடைத்த தாளில் இறக்கிவைப்பாள். முதலில் விளையாட்டாகத்தான் செய்தாள். ஒரு நாள் அதைத் தட்டச்சு செய்து அண்ணன் பெயரிலேயே ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள். அச்சாகி வந்ததை அண்ணன் நின்றுகொண்டே படித்தான். "இது நான் சொன்னதா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். 'ம்' என்றான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'ம்'.

அந்தக் கட்டுரையில் வந்த வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். "காலையில் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது முழங்காலுக்குக் கீழே குளிர், முழங்காலுக்கு மேலே வெயில். ஒரே உடம்பில் இரண்டு பருவங்களை வைத்துக்கொண்டு நான் அக்கரைக்குப் போகிறேன்." எனக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. சத்தமும் ஆகாது, அந்த எண்ணெய் வாசனையும் ஆகாது. ஆனாலும் அதைப் படித்த அன்று, மறுநாள் காலை பஸ் பாலத்தில் ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். அதுதான் அந்த எழுத்தின் மாயம்.

புத்தகங்கள் வர ஆரம்பித்தன. சத்தமில்லாமல் வந்தவை மெல்ல மெல்லப் பரவின. மெதுவாகப் போவதன் அழகை இவரைப்போல் யாரும் சொன்னதில்லை என்று எழுதினார்கள். எனக்கு ஒரே சிரிப்பு. சைக்கிள்காரரிடம் தோற்றதையெல்லாம் தத்துவமாக்கிவிட்டாளே என்று அண்ணியைச் சீண்டுவேன். ஆனால் வாசகர்கள் சொக்கிப்போனது வளைவுகளில்தான். வளைவு வரும் இடங்களில் எல்லாம் அந்த எழுத்து வேறு ஒரு வேகம் எடுத்தது. "நேர்ச்சாலை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வளைவு ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது. அதை நோக்கிச் சாயும்போது என் நெஞ்சு துள்ளுகிறது. கல்யாணத்தன்றுகூட அது இப்படித் துள்ளியதில்லை." இந்தக் கடைசி வரியை அண்ணன் சொல்லவில்லை, தானாகச் சேர்த்தது என்று அண்ணி வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள். "நான் சும்மா எழுதல. அவர் நெஞ்சு அடிக்கிறது எனக்கு முதுகுல கேக்கும். வளைவு வந்தாப் போதும், சந்தோஷத்துல அப்படி அடிச்சுக்கும்" என்றாள்.

அண்ணன் இறந்ததும் ஒரு வளைவில்தான்.

பகல் வேளை. நீரேற்று நிலையத்தைத் தாண்டி இறக்கத்தில் வரும் வளைவு. எதிரில் வண்டி எதுவும் இல்லை, சாலை ஈரமாக இல்லை, பெட்டிகளில்கூடச் சாமான் இல்லை. வண்டி வளையாமல் நேராகப் போய் ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது. அண்ணி புல்சரிவில் தூக்கி எறியப்பட்டு, தோள்பட்டை எலும்பு முறிந்து பிழைத்தாள். ஹெல்மெட் போட்டிருந்த அண்ணன் போய்விட்டான். மணல் சிதறியிருந்திருக்கும் என்று போலீஸ்காரர் ஒருவர் சொன்னார். அந்த இடத்துக்குப் போய் நானே குனிந்து பார்த்தேன். ஒரு பிடி மணல்கூட அங்கே இல்லை.

அவனை எடுத்த அன்று எங்கள் தெரு முழுக்க மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. முன்பின் தெரியாத ஆட்கள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொருவரும் அண்ணியிடம் வந்து, கடைசியாக அவர் என்ன சொன்னார் என்றே கேட்டார்கள். ஓடும் வண்டியில் பேசிக்கொண்டே போகிற மனிதர் என்பது அவன் புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். அண்ணி எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். "ஒண்ணும் சொல்லல."

நான் நம்பவில்லை. வீட்டில் வாய் திறக்காதவன் வண்டியில்தான் மனிதனாக இருந்தான். அப்படியிருக்க கடைசி ஓட்டத்தில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லையாமே. என் அண்ணனின் கடைசிப் பேச்சை இவள் தனக்கென்று முடிந்து வைத்துக்கொண்டாள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவள் நான். எனக்கு அதில் பங்கு இல்லையா?

கோபம் இருந்தாலும் தோள் முறிந்தவளை அப்படியே விட்டுவிட முடியுமா? என் துணிமணியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே தங்கினேன். தங்கிய பிறகுதான் அவளுக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்று தெரிந்தது. சமையலறையில் பாத்திரம் எடுக்கப் போனவள் பிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்து நின்றுகொண்டிருப்பாள். பீரோக் கதவில் வைப்பாள். பகலில் படுத்திருக்கும்போது சுவரில் காதை ஒட்டியபடியே கண் அயர்வாள். என்ன அண்ணி என்றால், ஒன்றுமில்லை, உள்ளே மோட்டார் ஓடுகிறது என்பாள். பீரோவுக்குள் எந்த மோட்டார் ஓடுகிறது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஒரு நாள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். நல்ல கூட்டம். நான் டிக்கெட் எடுத்துவிட்டுத் திரும்பினால், முன்னால் நின்றிருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதரின் முதுகில் அண்ணி காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டிருக்கிறாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். சுற்றியிருந்தவர்கள் பார்த்த பார்வையில் என் மானமே போயிற்று. மயக்கம் வந்துவிட்டது, பாவம் என்று சமாளித்து அடுத்த நிறுத்தத்தில் அவளை இறக்கினேன். "பார்த்து சாயக்கூடாதா, அவர் பொண்டாட்டி பின் சீட்லயே உட்கார்ந்திருக்காங்க" என்று கிண்டல் பண்ணிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவருக்கு ரொம்ப நிதானமா அடிக்குது. நிம்மதியான ஆளு போல" என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் அழுதேன்.

தோள் சேர்ந்த பிறகு பதிப்பாளர் வந்தார். அண்ணனின் எல்லாப் புத்தகங்களையும் போட்டவர். நல்ல மனிதர்தான், ஆனால் உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். புதிய புத்தகம் ஏறக்குறைய முடிந்திருந்தது, கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அவர் சொல்லி வைத்த குறிப்பு ஏதாவது இருந்தால் அதை வைத்து முடித்துக்கொடுங்கள் அம்மா, வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். அண்ணி தட்டச்சுதான் செய்கிறாள் என்று அவர் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தார். முடித்துத் தருகிறேன் என்றாள் அண்ணி. அவர் போனபின் என்னிடம், "இது ஒண்ணையாவது அவருக்கு முழுசா முடிச்சுக் கொடுத்துடணும். பாதியில விட்டா அவர் அந்த வளைவுலயே நிப்பார்" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கு அவள் செய்த ஏற்பாட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சிலிர்த்திருக்கும். அண்ணனின் ஜாக்கெட்டை ஒரு மர நாற்காலியின் சாய்வில் மாட்டினாள். பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, ஜாக்கெட்டின் முதுகில் காதை வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் ஜாக்கெட்டின் விலாப்பக்கத்தில் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எழுந்து போய்த் தட்டச்சு செய்வாள். திரும்ப வந்து காதை வைப்பாள். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஒரு தடவை அவள் இல்லாத நேரத்தில் நானே அங்கே போய் உட்கார்ந்து காதை வைத்தேன். என் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் இரைச்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது ஒரு 'ம்' என்று கேட்டது. துணியைப் பாதியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

எழுதியதை அனுப்பினாள். பதிப்பாளர் தானே எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். சொல்லத் தயங்கித் தயங்கி, கடைசியில் சொன்னார். "எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா வளைவு வர்ற இடத்துல அவர் இல்ல. காலியா இருக்கு." அண்ணி தாள்களை வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜாக்கெட்டும் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறது என்று என்னிடம் சொன்னாள். எழுதுவதாக இருந்தால் வளைவை முன் சீட்டிலிருந்து பார்த்தாக வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு ஆளைத் தின்றது போதாதா, உங்களையும் தின்ன வேண்டுமா அந்த வண்டிக்கு என்று கத்தினேன். இரும்புக்கடைக்குப் போட ஆள் கூட்டி வரட்டுமா என்றேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனி வேண்டாமென்று விட்டுவிட்ட வண்டியைப் பட்டறையில் சரி செய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் ஒரு அக்காவிடம் கற்றுக்கொள்ளப் போனாள். காலியான மைதானத்தில் எட்டுப் போடுவது, கிளட்சை விடுவது, கியர் மாற்றுவது என்று காலை நேரங்கள் போயின. முழங்கையில் சிராய்ப்போடு வருவாள். நான் மருந்து தடவிக்கொண்டே வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

தனியாகச் சாலையில் ஓட்டத் தொடங்கிய வாரம், வண்டியை நிறுத்திவிட்டு வந்தவள் சாதாரணமாகச் சொன்னாள், பின் சீட் கனமாக இருக்கிறதாம். முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, ஒரு இடம் மட்டும் சூடாக இருக்கிறதாம். யாரோ காதை வைத்துக் கேட்கிறார்கள் என்றாள். அப்போதுதான் அவள் கழற்றி வைத்த அண்ணனின் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் சூடாகத்தான் இருந்தது. வெயில் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று காலையிலிருந்து வானம் மூடியிருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் அந்த வளைவுக்குப் புறப்பட்டாள். எங்கே போகிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. சொன்னால் நின்றுவிடுகிற ஆளா அவள்? வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. மதியம் ஆகும்போது வந்து சேர்ந்தாள். கையுறையைக் கழற்றாமலேயே சோபாவில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். கையுறையோடேயே டம்ளரை வாங்கிப் பாதி குடித்தாள்.

வளைவைத் தாண்டிவிட்டாளாம். போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, பல தடவை தாண்டினாளாம். வண்டி ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. ஆனால் சுவர் கண்ணில் பட்டு, வண்டி சாயத் தொடங்கும் அந்தக் கணத்தில் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அடி அவளுக்குத் தெரிந்த அடி. வருஷக்கணக்காக அவள் காது வைத்துக் கேட்ட அதே அடி, அதே வேகம், நடுவில் ஒன்று தவறி அடுத்தது ஓங்கி விழும் அதே தாளம்.

"அது சந்தோஷம் இல்ல," என்றாள் அண்ணி. "பயம். அவர் ஒவ்வொரு வளைவுலயும் பயந்து செத்திருக்கார். நான் அதைக் கேட்டுட்டு, நெஞ்சு துள்ளுதுன்னு எழுதிட்டு இருந்திருக்கேன்."

அவள் மேலே பேசினாள். பயம் பிடித்ததும் தன் வாய் தானாகப் பேசத் தொடங்கிவிட்டது என்றாள். இதோ சுவர், இதோ புல், இதோ திரும்புகிறது என்று என்னென்னவோ உளறிக்கொண்டே போயிருக்கிறாள். பேசப் பேசக் கை நடுக்கம் நின்றது. வாயை மூடினால் கை விறைத்து, வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போகப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அண்ணன் வளைவுகளில் அவ்வளவு அழகாகப் பேசியதற்குக் காரணம் அதுதான். பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வளைவுகளைக் கடந்திருக்கிறான்.

டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு அவர் கடைசியா என்ன சொன்னார்னு எல்லாரும் கேட்டீங்க. ஒண்ணும் சொல்லல. ஏன்னா நான்தான் பேச வேணாம்னு சொன்னேன். தினமும் எனக்காகப் பேசிட்டே வர்றீங்க, இன்னைக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடுங்க, சும்மா போகலாம்னேன். அவர் 'ம்'னார். அவ்வளவுதான்."

இத்தனை நாள் எதை எனக்குத் தராமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நான் அவளைக் கறுவிக்கொண்டிருந்தேனோ, அது இதுதான். அவனுக்கு ஓய்வு கொடுக்க நினைத்த அன்புதான் அது. இதைத் தப்பென்று உலகத்தில் எந்தப் பெண்டாட்டி நினைப்பாள்?

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீ அவர்கூடப் பொறந்தவ. நீ சொல்லு. அவர் சின்ன வயசுல பயப்படுவாரா? பயந்தா பேசுவாரா?"

எங்கள் சின்ன வயது வீட்டில் கழிவறை பின்கட்டின் கோடியில் இருந்தது. இருட்டிய பிறகு அண்ணன் அங்கே போக வேண்டுமானால் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே போவான். போகும்போது ஏழாம் வாய்ப்பாடு, வரும்போது எட்டாம் வாய்ப்பாடு. நடுவில் நிறுத்திவிட்டால் அங்கேயே சிலையாக நின்றுவிடுவான், யாராவது போய்த் தூக்கி வர வேண்டும். வாய்ப்பாடு கிளம்பியாச்சு என்று அம்மா சிரிப்பாள். இதை நான் எப்போதோ மறந்துவிட்டிருந்தேன். அண்ணி கேட்ட அந்த நொடியில் அவனுடைய சின்னக் குரல் அப்படியே கேட்டது. ஏழேழு நாற்பத்தொன்பது.

"அவனா?" என்று முந்திக்கொண்டு சொன்னேன். "அவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது அண்ணி. இருட்டுல தனியாப் போவான். ஒரு சத்தம் போடமாட்டான். வண்டியில ஏதோ கோளாறு இருந்திருக்கும். நீங்களா எதையாவது நினைச்சுக்காதீங்க."

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சரி என்றாள். கையுறையைக் கழற்றி வைத்தாள். பசிக்கிறது, சாப்பிடலாம் என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கடைசி அத்தியாயத்தை அந்த வாரமே எழுதி முடித்தாள். இந்தத் தடவை நாற்காலியும் ஜாக்கெட்டும் தேவைப்படவில்லை. சுவரில் காது வைப்பதும் நின்றுவிட்டது. பார்த்தாயா, நீ சொன்ன பொய் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. அவர் எழுதியதிலேயே இதுதான் சிகரம் என்று பதிப்பாளர் தொலைபேசியில் தழுதழுத்தார். எனக்கான பிரதி கண்ணாடிக்கடைக்கே தபாலில் வந்தது. கூட்டம் இல்லாத பிற்பகல். கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய மேசையில் வைத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன்.

"நீரேற்று நிலையத்தைத் தாண்டியதும் வளைவு வந்தது. இன்றைக்குப் பேச வேண்டாம், சும்மா போகலாம் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். என்னால் முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். எப்போதுமே எனக்குப் பயம்தான், உன்னிடம் சொன்னதில்லை என்றேன். அவள் காதை எடுக்கவில்லை. சொல்லுங்க, நான் கேட்கிறேன் என்றாள். ஆகவே நான் பேசினேன். சுவரைப் பற்றிப் பேசினேன், புல்லைப் பற்றிப் பேசினேன், சின்ன வயதில் எதற்கெல்லாம் பயந்தேன் என்று பேசினேன். நான் பேசி முடிப்பதற்குள் வளைவு முடிந்திருந்தது."

கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அண்ணி அலுவலகத்திலிருந்து வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நீட்டினேன். "நான்தான் அவனுக்குப் பயமே இல்லைன்னு சொன்னேனே," என்றேன்.

"கோர்ட்டுல எத்தனை சாட்சியைக் கேட்டிருக்கேன்," என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம் இல்லை. "கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொன்னே. அப்பவே தெரிஞ்சுது. நீ எனக்காகத்தான் சொன்னேன்னும் தெரிஞ்சுது. அவரைத்தான் நான் அங்க பேச விடல. இங்கயாவது பேசட்டும்."

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அந்த அத்தியாயத்தில் அவர்கள் இரண்டு பேரும் வளைவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாலை நேராகிறது, அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், அதோடு புத்தகம் முடிகிறது. அதற்கப்புறம் எங்கே போனார்கள் என்று அவள் எழுதவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.